கோதுமை வயலுக்கு வந்த வணிக வளாகம்

பாரிஸ் நகரின் மையத்திலிருந்து வடக்கே சுமார் 15 கி.மீ. சென்றால் கொனேஸ் என்ற ஊர் வருகிறது. ஒரு பக்கம் சார்ல் து கோல் பன்னாட்டு விமான நிலையம், மறுபக்கம் லெ பூர்ஜே விமான நிலையம். இந்த இரண்டுக்கும் இடையே, நெடுஞ்சாலைகள் சூழ, முக்கோண வடிவில் ஏறத்தாழ 700 ஹெக்டேர் விளைநிலம் இருக்கிறது. நம் கணக்கில் சுமார் 1,730 ஏக்கர். கோதுமை, மக்காச்சோளம், கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட், சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் ஆகியவை இங்கே மாறி மாறிப் பயிராகின்றன.

இந்த நிலத்தில் 80 ஹெக்டேரை எடுத்து 'யூரோப்பாசிட்டி' என்ற பெயரில் மிகப் பெரிய வணிக, கேளிக்கை வளாகம் ஒன்றைக் கட்டத் திட்டம் போடப்பட்டது. முதலீடு 310 கோடி யூரோ. ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேற்பட்டோர் வந்து போவார்கள் என்று கணக்கிட்டார்கள். ஏறத்தாழ பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு, 2019 நவம்பர் 7 அன்று பிரான்ஸ் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

புறநகரில் வணிக வளாகம் வருகிறது என்றால் கடைகள், கார் நிறுத்துமிடம், திரையரங்கு, வேலைவாய்ப்பு, மனை விலை ஆகியவற்றைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். கட்டடத்துக்கு அடியில் போகும் மண்ணைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. கொனேஸில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. மண்ணை முன்வைத்தே மாற்றுத் திட்டமும் எழுதப்பட்டது. நிலத்தை நம்பி வாழ்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பல விஷயங்கள் அந்தப் பத்தாண்டுக் கதையில் இருக்கின்றன.

பாரிஸுக்கு ரொட்டி தந்த ஊர்

கொனேஸ் பழைய ஊர். பிரான்ஸ் மன்னர் இரண்டாம் பிலிப் 1165-ல் பிறந்தது இங்கேதான். ஊர் வழியாக ஓடும் குரூ ஓடையில் மாவு ஆலைகள் இயங்கின. சுற்றுவட்டாரக் கோதுமை அங்கே மாவாகி, ஊரிலேயே ரொட்டியாகி, பாரிஸ் சந்தைக்குப் போனது. 17, 18-ம் நூற்றாண்டுகளில் 'கொனேஸ் ரொட்டி' என்றால் பாரிஸில் தனி மதிப்பு. ரொட்டிக்காரர்கள் சந்தை நாட்களில் வண்டி கட்டிக்கொண்டு தலைநகருக்குப் போவார்கள்.

1783 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸில் பறக்கவிடப்பட்ட ஆளில்லாத ஹைட்ரஜன் பலூன் இந்த ஊர் வயலில்தான் வந்து விழுந்தது. என்னவென்று தெரியாமல் மிரண்டுபோன விவசாயிகள் கவைக்கோலால் குத்தி அதைக் கிழித்துவிட்டார்கள் என்பது வரலாற்றில் பதிவான நிகழ்ச்சி. வானத்திலிருந்து வந்த புதுமை அன்றைக்கு ஒரே நாளில் அடங்கிவிட்டது. 20-ம் நூற்றாண்டில் வந்தவை அப்படி அடங்கவில்லை. விமான நிலையங்கள், நெடுஞ்சாலைகள், சரக்குக் கிடங்குகள் என்று ஒவ்வொன்றாக வந்து வயல்களைச் சுற்றி வளைத்தன. முக்கோணம் மட்டும் நடுவில் தங்கிவிட்டது.

அது தங்கியதற்கும் ஒரு காரணம் உண்டு. விமானங்கள் தாழப் பறக்கும் பகுதி என்பதால், ஒலி மாசு விதிகளின்படி இங்கே புதிய குடியிருப்பு கட்ட அனுமதி கிடையாது. வீடு கட்ட முடியாது என்றாலும் கடை, அலுவலகம், கிடங்கு கட்டத் தடை இல்லை. அதனால்தான் வளர்ச்சித் திட்டம் என்று வந்தபோது, அது வணிக வளாகமாக வந்தது.

மண்ணில் என்ன சிறப்பு?

பனியுகக் காலத்தில் காற்று அடித்துக்கொண்டு வந்து படியவைத்த நுண்ணிய வண்டல்தான் இந்தச் சமவெளியின் மேல்மண். பல இடங்களில் அது மீட்டர் கணக்கில் ஆழமானது. அடியில் சுண்ணாம்புப் பாறை. கல் இல்லை, மேடு பள்ளம் இல்லை, வேர் தடையின்றி இறங்கும்.

இத்தகைய வண்டல் மண்ணின் பெரிய பலம், நீரைப் பிடித்து வைப்பது. ஒரு மீட்டர் ஆழத்தில் சுமார் 150 முதல் 200 மி.மீ. மழைக்குச் சமமான நீரைப் பயிருக்குக் கிடைக்கும் வகையில் அது தேக்கி வைக்கும். மணல் மண்ணில் இதில் பாதிகூட நிற்காது. பாரிஸ் வட்டாரத்தின் ஆண்டு மழை சுமார் 600 முதல் 700 மி.மீ. தமிழகத்தின் சராசரியைவிட இது குறைவு. ஆனாலும் கிணறு, ஆழ்துளை, கால்வாய் எதுவும் இல்லாமல் கோதுமை விளைகிறது. அக்டோபர், நவம்பரில் விதைத்து ஜூலை, ஆகஸ்டில் அறுக்கிறார்கள். நல்ல ஆண்டில் ஹெக்டேருக்கு 8 டன் அளவில், அதாவது ஏக்கருக்கு 3 டன்னுக்கு மேல், கிடைக்கிறது. மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வது ஒரு காரணம். மண்ணே தொட்டிபோல் வேலை செய்வது இன்னொரு காரணம்.

இந்தக் கணக்கில் 80 ஹெக்டேர் போனால் ஆண்டுக்குச் சுமார் 640 டன் கோதுமைக்கான இடம் போகும். வளாகத்தோடு அது நிற்கப் போவதும் இல்லை. அலுவலகங்கள், சாலைகள் எல்லாம் சேர்த்து மொத்தம் சுமார் 280 ஹெக்டேரை நகர நிலமாக மாற்றுவதுதான் முழுத் திட்டம்.

விளைச்சலைத் தாண்டி இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர். 80 ஹெக்டேரில் 20 மி.மீ. மழை என்றால் 1.6 கோடி லிட்டர். நல்ல கட்டமைப்புள்ள வயல் அதில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கூரையும் தார்த் தளமும் அதைச் சில நிமிடங்களில் வடிகாலுக்குத் தள்ளிவிடும். அந்த நீர் தாழ்வான ஊருக்குள் போகாமல் இருக்க, செலவு செய்து தேக்கக் குளங்கள் வெட்ட வேண்டும். வயல் இந்த வேலையைச் செலவில்லாமல் செய்துகொண்டிருந்தது.

ஒரு செ.மீ. மேல்மண் உருவாக நூறு ஆண்டுக்கு மேல் ஆகலாம். கட்டடத்தை இடித்துவிட்டு மறுபடியும் உழலாம் என்ற எண்ணம் நடைமுறையில் பலிப்பதில்லை. மண் தோண்டி எடுக்கப்பட்டு, கனரக இயந்திரங்களால் இறுக்கப்பட்டு, காற்றும் நீரும் இல்லாமல் மூடிக் கிடந்த பிறகு, அதில் உயிர் திரும்ப நீண்ட காலம் பிடிக்கும்.

வணிகர் கண்ணில் வயல் படுவது ஏன்?

நகரத்துக்கு வெளியே, கார் வைத்திருப்பவர்களை நம்பிக் கடை வைப்பது அமெரிக்காவில் வளர்ந்த முறை. மினியாபொலிஸ் நகருக்கு அருகே எடைனாவில் 1956-ல் திறந்த சவுத்டேல் வளாகம்தான், முழுவதும் கூரையிட்டுக் குளிரூட்டிய புறநகர் வணிக வளாகங்களுக்கு முன்னோடி. அதை வடிவமைத்த விக்டர் குரூயன், கடைகளைச் சுற்றி வீடு, பள்ளி, பூங்கா எல்லாம் கொண்ட ஊர் மையமாக அது வளரும் என்று நினைத்தார். நடந்தது வேறு. கடைகளும் கார் நிறுத்துமிடமும்தான் பெருகின. பிற்காலத்தில் குரூயனே இத்தகைய வளாகங்களைக் கடுமையாக விமர்சித்தார்.

பிரான்சில் 1963-ல் பாரிஸின் தெற்குப் புறநகரான சேன்த்-ழெனெவியேவ்-தெ-புவாவில் கார்ஃபூர் நிறுவனம் பெரிய அங்காடி ஒன்றைத் திறந்தது. 2,500 சதுர மீட்டர் கடை. 400 கார்கள் நிறுத்த இடம். அடுத்த அரை நூற்றாண்டில் ஏறக்குறைய ஒவ்வொரு நகரத்தின் நுழைவாயிலிலும் இதே மாதிரி எழுந்தது.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கு எளிது. பிரான்சில் விளைநிலத்தின் சராசரி விலை ஹெக்டேருக்கு 6,000 யூரோ அளவில்தான் இருக்கிறது. நகர மனையோடு ஒப்பிட்டால் இது அற்பம். நிலம் சமதளம், இடிக்கப் பழைய கட்டடம் இல்லை, வெளியேற்றக் குடும்பங்கள் இல்லை, பேச வேண்டிய உரிமையாளர்களும் சிலரே. பக்கத்தில் நெடுஞ்சாலைச் சந்திப்பு இருந்தால் போதும். விவசாயத்துக்கு எவையெல்லாம் நல்லவையோ, அவையேதான் கட்டுமான நிறுவனத்துக்கும் நல்லவை. விலையை மட்டும் அளவுகோலாக வைத்தால் வயல் எப்போதும் தோற்கும்.

திட்டம் சொன்னது என்ன?

பிரான்சின் ஓஷான் பேரங்காடிக் குழுமத்தின் நிலக் கட்டுமான நிறுவனம்தான் யூரோப்பாசிட்டியை முன்வைத்தது. முதலில் இம்மோஷான் என்றும், பின்னர் சீத்ரூஸ் என்றும் அதற்குப் பெயர். 2016-ல் சீனாவின் வாண்டா குழுமம் கூட்டாளியாகச் சேர்ந்தது. வடிவமைப்பு டென்மார்க்கின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பியார்கே இங்கெல்ஸின் நிறுவனத்துக்குக் கிடைத்தது.

தொடக்கத் திட்டத்தில் வணிகத்துக்கு மட்டும் சுமார் 2,30,000 சதுர மீட்டர். ஏறத்தாழ 500 கடைகள், விடுதிகள், நீர் விளையாட்டுப் பூங்கா, கலை அரங்குகள், கூரைக்கு உள்ளே பனிச்சறுக்கு மேடை ஆகியவை அதில் இருந்தன. பின்னாளில் பனிச்சறுக்கை விடவும் வணிகப் பரப்பைக் குறைக்கவும் நிறுவனம் முன்வந்தது.

விவசாயத்தையும் அவர்கள் விட்டுவிடவில்லை. வளாகத்துக்குள் சில ஹெக்டேரில் 'நகரப் பண்ணை' ஒன்று அமையும் என்றார்கள். உள்ளே இருக்கும் உணவகங்களுக்குக் காய்கறி தருவதும், வருபவர்களுக்குப் பயிரைக் காட்டுவதும் அதன் நோக்கம். சமவெளியின் ஆழமான வண்டலை எடுத்துவிட்டுக் காட்சிக்கு ஒரு தோட்டம் வைப்பதா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள்.

பாரிஸ் புறநகர்களை இணைக்கும் புதிய மெட்ரோவின் 17-வது தடத்தில், இந்த வயலின் நடுவே ஒரு நிலையம் அமைப்பதும் திட்டமாக இருந்தது. சுற்றிலும் வீடே கட்ட முடியாத இடத்தில் எதற்கு நிலையம்? வளாகத்துக்கு வருபவர்களுக்காக. வளாகம் எதற்கு? நிலையம் வருவதால். ஒன்றைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்தும் இந்தச் சுழல் கடைசிவரை விவாதத்தில் இருந்தது.

ஆதரித்தவர்களின் நியாயம்

திட்டத்தை ஆதரித்தவர்களை வெறும் வணிக ஆதரவாளர்கள் என்று ஒதுக்க முடியாது. கொனேஸின் மேயர் ழான்-பியேர் பிளாசி சோசலிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். அவர் இதை உறுதியாக ஆதரித்தார். காரணம், வேலை. பாரிஸின் வடக்குப் புறநகர்களில் வேலையில்லாத இளைஞர்கள் அதிகம். பக்கத்து ஊரான ஓனே-சூ-புவாவில் பல தலைமுறைக்கு வேலை தந்த சித்ரோன் கார் தொழிற்சாலை 2013-ல் உற்பத்தியை நிறுத்தியது. அந்த நிலையில் சுமார் 10,000 நிரந்தர வேலை என்ற வாக்குறுதியை எந்த மேயரும் எளிதில் தட்டிவிட முடியாது.

சார்செல், கார்ஜ், லா கூர்நூவ் போன்ற சுற்றுவட்டார ஊர்களில் ஈழத் தமிழர்களும், புதுச்சேரி, காரைக்காலில் இருந்து போன குடும்பங்களும் கணிசமாக வாழ்கிறார்கள். அந்த வேலை வாக்குறுதி அவர்களுடைய பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

எதிர்ப்பாளர்கள் இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காமல் பதில் சொன்னார்கள். வட்டாரத்தில் ஏற்கெனவே பல வளாகங்கள் உள்ளன. ஓனே-சூ-புவாவில் 1974 முதல் ஒரு பெரிய வளாகம் இயங்குகிறது. விமான நிலையத்தை ஒட்டி 2013-ல் ஏரோவில் திறந்தது. மக்களின் பையில் உள்ள பணம் கூடாமல் கடைகள் மட்டும் கூடினால், புது வளாகத்தில் உருவாகும் வேலை பழைய வளாகத்திலும் ஊர்க் கடைத்தெருவிலும் இழக்கும் வேலையாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். வட்டாரக் கடைக்காரர்களிலும் ஒரு பகுதியினர் எதிர்ப்பில் சேர்ந்துகொண்டதற்கு இதுவே காரணம்.

விவசாயிகள் எங்கே நின்றார்கள்?

இந்தக் கதையில் விவசாயிகள் அனைவரும் ஒரே அணியில் நிற்கவில்லை. வட்டார வளர்ச்சித் திட்டத்தில், முக்கோணத்தின் வடக்கே சுமார் 400 ஹெக்டேர் விவசாயத்துக்கே ஒதுக்கப்படும் என்று ஒரு சமரசம் வைக்கப்பட்டிருந்தது. தெற்கே போவது போகட்டும், வடக்காவது நிரந்தரமாகத் தப்பட்டும் என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். பக்கத்து வயல் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்த ஒரு விவசாயி அப்படி நினைப்பது இயல்பே.

இன்னொரு காரணமும் உண்டு. பிரான்சில் விளைநிலத்தின் பெரும்பகுதி குத்தகையில்தான் பயிராகிறது. 1945-46-ல் வந்த குத்தகைச் சட்டம் அங்கே வலுவானது. குறைந்தது 9 ஆண்டு குத்தகை, புதுப்பிக்கும் உரிமை, பொதுத் தேவைக்காக வெளியேற்றினால் நில உரிமையாளருக்குத் தனியாகவும் பயிர் செய்பவருக்குத் தனியாகவும் இழப்பீடு. இந்தப் பாதுகாப்பு ஒரு கட்டத்தில் கழன்றுபோனது. வட்டாரத்துக்கான அரசு நில நிறுவனம் முக்கோணத்தில் நிலங்களை முன்கூட்டியே வாங்கத் தொடங்கியது. வாங்கிய நிலத்தில் கட்டுமானம் தொடங்கும் வரை விவசாயிகளே தற்காலிக அனுமதியில் உழுதார்கள். நிலம் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால், உழுபவரின் உரிமை பலவீனப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு இந்த நிலம் இருக்குமா என்று தெரியாதவர் உரமிட்டு மண்ணை வளர்க்கவும், பழமரம் வைக்கவும், நீண்ட காலப் பயிருக்கு மாறவும் யோசிப்பார். கட்டடம் வருவதற்கு முன்பே வயல் தளரத் தொடங்குவது இப்படித்தான்.

எதிர்ப்பு இயக்கத்தை முன்னெடுத்தது 2011-ல் உருவான 'கொனேஸ் முக்கோணத்துக்கான கூட்டமைப்பு'. அதன் தலைவர் பெர்னார் லூ. சுற்றுவட்டார மக்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள், விவசாயிகளிடம் நேரடியாகக் காய்கறி வாங்கும் நுகர்வோர் குழுக்கள் இதில் இருந்தார்கள். ஆண்டுதோறும் வயலிலேயே நிலத் திருவிழா நடத்தினார்கள். ஒரு துண்டு நிலத்தில் காய்கறி போட்டுக் காட்டினார்கள். 2019 அக்டோபரில் கொனேஸிலிருந்து பாரிஸில் உள்ள பிரதமர் அலுவலகத்தை நோக்கி நடந்தே போனார்கள்.

மாற்றுத் திட்டம் ஒன்று

வேண்டாம் என்று சொல்வதோடு நில்லாமல், நிலத்தை என்ன செய்யலாம் என்பதற்கு 'கார்மா' என்ற பெயரில் மாற்றுத் திட்டம் ஒன்றும் எழுதப்பட்டது. விவசாயம், ஊரமைப்பு, கல்வி எனப் பல துறையினர் அதில் பங்கெடுத்தார்கள்.

பாரிஸ் வட்டாரத்தில் சுமார் 1.2 கோடிப் பேர் வாழ்கிறார்கள். வட்டாரப் பரப்பில் ஏறக்குறைய பாதி இன்னமும் விளைநிலம். ஆனால், அதில் பெரும்பகுதி தானியம். காய்கறி, பழத்தில் பெரும்பங்கு வெளியிலிருந்துதான் வருகிறது. ஒரு காலத்தில் பாரிஸைச் சுற்றிக் காய்கறித் தோட்டங்கள் நிறைந்திருந்தன. நகரம் விரிந்தபோது அவைதான் முதலில் போயின.

கார்மா சொன்னது இதுதான்: முக்கோணத்தில் தானியத்தோடு காய்கறி, பழம் என்று பயிரைப் பலவகையாக்க வேண்டும். விளைந்ததை அங்கேயே பதப்படுத்தி, பள்ளி உணவகங்களுக்கும் பக்கத்து ஊர்களுக்கும் தர வேண்டும். நகரத்தின் மக்கும் குப்பை உரமாகி வயலுக்குத் திரும்ப வேண்டும். இளைஞர்களுக்குத் தோட்டக்கலை, சமையல், உணவுப் பதப்படுத்தல் பயிற்சி தர வேண்டும். பெரிய இயந்திரங்களால் நடக்கும் தானிய விவசாயத்துக்கு ஆள் தேவை குறைவு. காய்கறிக்கும் பதப்படுத்தலுக்கும் அதிகம். வேலை எங்கே என்ற கேள்விக்கு நிலத்துக்குள்ளிருந்தே பதில் தேடிய முயற்சி அது.

வணிக வளாகம் தருவதாகச் சொன்ன 10,000 வேலைக்கு இந்தத் திட்டம் நேர் ஈடாகாது. ஆனாலும், காலி நிலத்தை வீணாக வைத்திருக்கச் சொல்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை அது பலவீனப்படுத்தியது. வயல் என்பது இன்னும் கட்டடம் வராத வெற்றிடம் அல்ல, அதுவும் ஒரு தொழிற்கூடம் என்பதை எண்களோடும் வரைபடத்தோடும் பேச முடிந்தது.

நீதிமன்றத்தில் ஏற்ற இறக்கம்

2016-ல் தேசிய பொது விவாத ஆணையம் இந்தத் திட்டத்தின் மீது மக்கள் கருத்துக் கூட்டங்களை நடத்தியது. 2017-ல் கொனேஸ் நகராட்சி தன் நில வகைப்பாட்டுத் திட்டத்தை மாற்றியபோது பொது விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி சாதகமற்ற அறிக்கை தந்தார். அந்த அறிக்கை நகராட்சியைக் கட்டுப்படுத்தாது. நகராட்சி மன்றம் மாற்றத்தை நிறைவேற்றியது. ஆனால், அறிக்கை பின்னாளில் எதிர்ப்பாளர்களுக்கு வலு சேர்த்தது.

2018 மார்ச் 6 அன்று செர்ஜி-போந்துவாஸ் நிர்வாக நீதிமன்றம், இந்தப் பகுதியை வளர்ச்சி மண்டலமாக அறிவித்த அரசாணையை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு போதுமானதாக இல்லை என்பது காரணம். 2019 மார்ச் 12 அன்று அதே நீதிமன்றம், விளைநிலத்தைக் கட்டட நிலமாக மாற்றிய வகைப்பாட்டுத் திட்டத்தையும் ரத்து செய்தது. ஆனால், 2019 ஜூலையில் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் தீர்ப்பை மாற்றி, வளர்ச்சி மண்டலம் செல்லும் என்றது. வகைப்பாட்டு வழக்கும் பிறகு மேல்முறையீட்டில் திசை மாறியது.

ஆக, நீதிமன்றம் திட்டத்தை முற்றாக நிறுத்திவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால், ஒவ்வொரு வழக்கும் காலத்தை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் இணைய வணிகம் வளர்ந்தது, பெரிய அங்காடிகளின் வருமானம் தடுமாறியது, பருவநிலை பற்றிய பேச்சு வலுத்தது. 2019 நவம்பரில் அதிபர் எமானுவேல் மக்ரோனின் அரசு கைவிடும் முடிவை அறிவித்தபோது, அப்போதைய சூழலியல் துறை அமைச்சர் எலிசபெத் போர்ன், பெருநுகர்வை நம்பிய இத்தகைய திட்டம் வேறொரு காலத்துக்கு உரியது என்ற பொருளில் பேசினார். 2010 வாக்கில் நவீனமாகத் தெரிந்த திட்டம், ஒரு செங்கல் வைப்பதற்குள் பழையதாகிவிட்டது. 2015-ல் கட்டி முடித்திருந்தால் இந்த ஞானம் வந்து பயன் இருந்திருக்காது.

கைவிட்டதோடு முடியவில்லை

வணிக வளாகம் போனது; நிலத்தின் மீதான கண் போகவில்லை. மெட்ரோ நிலையத் திட்டம் அப்படியே தொடர்ந்தது. 2021 பிப்ரவரியில் போராட்டக்காரர்கள் நிலையம் வரும் இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாரமிட்டுத் தங்கினார்கள். காவல் துறை அவர்களை வெளியேற்றியது.

அதே ஆண்டு மே மாதம் பிரதமர் ழான் காஸ்டெக்ஸ் புதிய திட்டத்தை அறிவித்தார். விடுதியுடன் கூடிய பள்ளி வளாகம், பாரிஸுக்குத் தெற்கே உள்ள ரன்ஜிஸ் மொத்தச் சந்தையின் வடக்குக் கிளை போன்ற உணவு வணிக மையம் ஆகியவை அதில் முக்கியமானவை. இதற்குச் சுமார் 110 ஹெக்டேர். முந்தைய 280 ஹெக்டேரோடு ஒப்பிட்டால் குறைவு; விளைநிலமாகவே வைத்திருக்கலாம் என்பவர்களுக்கு அதுவும் இழப்பு. வீடு கட்டக் கூடாத ஒலி மண்டலத்தில் மாணவர் விடுதி எப்படி என்ற கேள்வியும் உடனே எழுந்தது.

இதைவிடப் பரந்த மாற்றம் சட்டத்தில் வந்தது. பிரான்சில் அந்தப் பத்தாண்டில் ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 ஹெக்டேர் வரை இயற்கை, விவசாய நிலம் கட்டுமானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2021 ஆகஸ்ட் 22-ல் வந்த பருவநிலைச் சட்டம், 2021 முதல் 2031 வரையிலான பத்தாண்டில் இந்த வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றது. 2050-ல் நிகர இழப்பு பூஜ்யமாக வேண்டும் என்றும் இலக்கு வைத்தது. மண்ணை மூடிப் புதிய வணிக வளாகம் கட்டுவதற்கும் பொதுத் தடை விதித்தது. 10,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட கடைகளுக்கு மட்டும், நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. வீடும் தொழிலும் எங்கே கட்டுவது என்று கிராமப்புற மேயர்கள் எதிர்த்ததால், 2023-ல் ஒரு திருத்தம் வந்தது. சிற்றூர்களுக்கும் குறைந்தது ஒரு ஹெக்டேர் கட்டட உரிமை அதில் உறுதி செய்யப்பட்டது. இலக்கை எப்படிப் பங்கிடுவது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

புறநகர் விரியும் எந்த ஊரிலும் நில உரிமையாளரும் பயிர் செய்பவரும் கொனேஸிலிருந்து சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, நிலம் கைமாறுவது இயந்திரம் வந்து நிற்கும் நாளில் அல்ல. வட்டார வரைபடத்தில் வண்ணம் மாறும் நாளில்தான் பெரும்பாதி முடிவாகிவிடுகிறது. சாலைச் சந்திப்பு, ரயில் நிலையம், நில வகைப்பாட்டு மாற்றம் ஆகியவற்றுக்கான வரைவு அறிவிப்புகளை அந்த நேரத்திலேயே படித்து, எழுத்தில் கருத்துச் சொல்வது பின்னாளில் வழக்குக்கும் ஆதாரமாகும்.

இரண்டாவது, மண்ணின் மதிப்பை எண்ணில் சொல்ல வேண்டும். மேல்மண் ஆழம், நீர்ப்பிடிப்பு, பல ஆண்டு விளைச்சல், பாசனமின்றி விளையும் பரப்பு ஆகியவற்றின் பதிவு கையில் இருந்தால், 'வளமான நிலம்' என்ற பொதுச் சொல்லைவிட அது வலுவாகப் பேசும். மண் பரிசோதனை அறிக்கைகளையும் விற்பனை ரசீதுகளையும் பத்திரப்படுத்தி வைப்பது இதற்கும் உதவும்.

மூன்றாவது, குத்தகைதாரரின் நிலை. நிலம் விற்கும்போது உரிமையாளருக்கு விலை கிடைக்கும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத குத்தகைதாரருக்கு எதுவும் மிஞ்சாது. பிரான்சில் எழுதப்பட்ட உரிமை இருந்ததால்தான் உழுபவரும் பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பாக இருக்க முடிந்தது.

நான்காவது, வேலை பற்றிய கேள்விக்கு விவசாயத் தரப்பில் பதில் இருக்க வேண்டும். நகரத்தை ஒட்டிய நிலத்துக்குச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. கீரை, காய்கறி, பூ, பால், பதப்படுத்தல் என்று ஏக்கருக்கு அதிக ஆள் தேவைப்படும், அதிக வருமானம் தரும் விவசாயத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அந்தப் பயன் கண்ணுக்குத் தெரியாதவரை, வயல் 'காலி இடம்' என்றே கணக்கில் எழுதப்படும்.

கொனேஸில் 80 ஹெக்டேர் வணிக வளாகம் வரவில்லை. முக்கோணத்தின் எஞ்சிய நிலம் எவ்வளவு காலம் வயலாக இருக்கும் என்பதும் முடிவாகவில்லை. ஆனால், அந்தப் பத்தாண்டில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அங்கே விதைப்பு நடந்தது, கோடையில் அறுவடையும் நடந்தது. திட்டம் தள்ளிப்போன ஒவ்வோர் ஆண்டும் ஒரு மகசூல் என்ற அளவில் அந்த மண் தன் கணக்கைத் தந்துகொண்டிருந்தது.